அமெரிக்காவில் பழைய கனரக பிக்அப் வாங்கும் முன்: பழுதுகள், ஆவணங்கள், செலவுகள்

பெரிய டிரெய்லரை இழுக்கவோ, பண்ணைக்கும் தொழிலுக்கும் பாரம் ஏற்றவோ கனரக பிக்அப் தேவைப்படுகிறவர்கள், புதிய வண்டியின் விலையைப் பார்த்ததும் பழைய வண்டியைத் தேடத் தொடங்குகிறார்கள். ஃபோர்டு எஃப்-250, எஃப்-350, ஷெவர்லே சில்வராடோ மற்றும் ஜிஎம்சி சியெராவின் 2500எச்டி, 3500எச்டி, ராம் 2500, 3500 ஆகியவையே இந்த வகையில் பெரும்பாலும் கிடைப்பவை. நானும் பல மாதங்கள் தேடி அலைந்துதான் ஒன்றை வாங்கினேன். கார் வாங்கிய அனுபவம் இதில் அதிகம் உதவவில்லை. இந்த வண்டிகளில் விலை, தோற்றம், ஓடிய மைல் ஆகிய மூன்றையும்விட, உள்ளே இருக்கும் எஞ்சின் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதும், முந்தைய உரிமையாளர் வண்டியை எப்படி வேலை வாங்கினார் என்பதும்தான் உங்கள் அடுத்த ஐந்தாண்டுச் செலவைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் எப்படிக் கண்டறிவது என்பதையே கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் தேவையைப் பவுண்டு கணக்கில் எழுதுங்கள்

விளம்பரங்களில் வரும் இழுவைத் திறனை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் இழுவைத் திறனுக்கு முன்பே தீர்ந்துபோவது, வண்டி தன் மீது தாங்கக்கூடிய பாரத்தின் அளவுதான். ஐந்தாம் சக்கர வகை டிரெய்லர் (பிக்அப்பின் சரக்குத் தட்டிலேயே இணைக்கப்படுவது), தன் எடையில் ஏறத்தாழ 15 முதல் 25 சதவீதத்தைப் பிக்அப்பின் மீது இறக்குகிறது. 12,000 பவுண்டு டிரெய்லர் என்றால், 20 சதவீதக் கணக்கில் 2,400 பவுண்டு அதற்கே போய்விடும். இணைப்புக் கருவி, குடும்பத்தினர், சாமான்கள் எல்லாம் அதற்கு மேல் வரும். டீசல் எஞ்சினும் நான்கு கதவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட எஃப்-250 வண்டிகள் பலவற்றின் தாங்குதிறன் இந்தக் கணக்குக்குப் போதாது.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சான்றுத் தாளில் வண்டியின் மொத்த எடை வரம்பு இருக்கும். வரம்பு 10,000 பவுண்டு வரை உள்ள வண்டிகளில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்று கூறும் மஞ்சளும் வெள்ளையுமான தாளும் அருகிலேயே இருக்கும். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இவற்றின் படத்தைத்தான்.

டீசல் வேண்டுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். ஆண்டுக்குச் சில முறை மட்டும் இழுப்பவர்களுக்கும், தினமும் குறைந்த தொலைவு மட்டுமே ஓட்டுபவர்களுக்கும் பெட்ரோல் எஞ்சினே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. குறுந்தொலைவு ஓட்டத்தில் டீசலின் புகை வடிகட்டி தேவையான அளவு சூடாகாமல் அடைபட்டுக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்வது மலிவான வேலை அல்ல.

2. எஞ்சினையும் மாடல் ஆண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

இதில் நீங்கள் செலவிடும் நேரம் வேறு எதையும்விட அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும். ஒரே பெயர் தாங்கிய வண்டியே இரண்டாண்டு இடைவெளியில் முற்றிலும் வேறு எஞ்சினோடு வந்திருக்கலாம்.

ஃபோர்டின் டீசல்களில் 2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், சந்தையில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. அதன் ஆயில் கூலரின் நுண்ணிய வழிகள் கூலன்டில் சேரும் கசடால் அடைபடும்; அதனால் அடுத்துள்ள இஜிஆர் கூலருக்கு (எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பப்படும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) போதிய கூலன்ட் செல்லாமல் அது வெடிக்கும்; கூலன்ட் எஞ்சினுக்குள் புகும்; இறுதியில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் தகடு) போகும். இன்ஜெக்டர்களை இயக்கும் மின்னணுப் பெட்டி 48 வோல்ட் தர வேண்டியது. பேட்டரி பலவீனமான வண்டிகளில் அதுவும் பழுதாகும். இந்தக் குறைகள் அனைத்தையும் முறையாகச் சரிசெய்து, ஹெட் போல்ட்டுகளுக்குப் பதில் வலுவான ஸ்டட்கள் பொருத்தி, அதற்கான ரசீதுகளையும் வைத்திருக்கும் உரிமையாளரிடம் வாங்கினால் அது நல்ல எஞ்சின்தான். ரசீது இல்லாமல் வாய்ச்சொல்லை நம்பி வாங்காதீர்கள்.

2008 முதல் 2010 வரை வந்த 6.4 லிட்டர் எஞ்சினை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். புகை வடிகட்டியைச் சுத்தம் செய்ய அது சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசலைப் பாய்ச்சுவதால், அந்த டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. ரேடியேட்டர் கசிவும் பிஸ்டன் விரிசலும் இதில் அடிக்கடி பேசப்படுபவை. பெரிய வேலைகளுக்கு வண்டியின் கூண்டையே தூக்கிப் பிரிக்க வேண்டியிருப்பதால் கூலியும் ஏறும்.

2011 முதல் வரும் 6.7 லிட்டர் எஞ்சின் பல மடங்கு மேம்பட்டது. ஆயினும் 2011, 2012 ஆண்டுகளின் டர்போவில் பழுது வந்ததுண்டு. இதில் பயன்படும் பாஷ் நிறுவனத்தின் சிபி4 எரிபொருள் பம்ப் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இந்தப் பம்புக்கு டீசலே மசகு எண்ணெயாகவும் இருக்கிறது. டீசலில் தண்ணீர் கலந்தாலோ, தவறுதலாகப் பெட்ரோல் ஊற்றப்பட்டாலோ, பம்பின் உட்பகுதி தேய்ந்து உலோகத் துகள்கள் குழாய்கள், ரெயில்கள், இன்ஜெக்டர்கள் முழுவதும் பரவும். பிறகு பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. எரிபொருள் அமைப்பின் பெரும்பகுதியை மாற்ற வேண்டும். இதற்குப் பட்டறைகள் 8,000 முதல் 12,000 டாலர் வரை கேட்பது வழக்கம். இதே வகைப் பம்ப் 2011 முதல் 2016 வரையிலான, ஷெவர்லே, ஜிஎம்சி வண்டிகளில் வரும் டியூராமேக்ஸ் எல்எம்எல் டீசல் எஞ்சினிலும், 2019, 2020 ராம் வண்டிகளின் கம்மின்ஸ் டீசல் எஞ்சினிலும் உண்டு. ராம் வண்டிகளுக்கு 2021 இறுதியில் திரும்ப அழைப்பு (குறையை இலவசமாகச் சரிசெய்ய நிறுவனம் வண்டிகளைக் கூப்பிடுவது) வெளியாகி, பழைய வகையான சிபி3 பம்ப் இலவசமாக மாற்றித் தரப்பட்டது. அந்த ஆண்டுகளின் ராமை வாங்கினால், அந்த வேலை முடிந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஷெவர்லே, ஜிஎம்சி இரண்டையும் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸில், 2001 முதல் 2004 வரையிலான எல்பி7 எஞ்சினின் இன்ஜெக்டர்கள் பழுதாவது நன்கு அறியப்பட்டது. அவை வால்வு மூடிக்கு உள்ளே இருப்பதால் மாற்றும் கூலி அதிகம். அடுத்து வந்த எல்எல்ஒய், கடும் இழுவையில் சூடேறும். 2006, 2007 எல்பிஇசட் எஞ்சினுக்குப் புகை வடிகட்டி கிடையாது. பலரும் தேடுவதால் அதன் விலை வயதுக்குப் பொருந்தாத அளவு உயர்ந்திருக்கும். 2017 முதல் வரும் எல்5பி எஞ்சினில் டென்சோ நிறுவனத்தின் பம்ப் இருப்பதால் சிபி4 பற்றிய கவலை இல்லை. பட்ஜெட் இடம் கொடுத்தால் டீசல்களில் என் முதல் தேர்வு இதுவே. இந்த வண்டிகளில் வரும் ஆலிசன் கியர்பாக்ஸும் நம்பகமானது.

ராமில் எஞ்சினைவிட அதைச் சுற்றியுள்ள பாகங்களே அதிகம் தொல்லை தரும். 1998 நடுப்பகுதி முதல் 2002 வரையிலான 5.9 லிட்டர் கம்மின்ஸில், டீசலை ஏற்றித்தரும் சிறு பம்ப் பலவீனமானால் விபி44 என்னும் முதன்மைப் பம்பும் அதோடு போகும். 2003 முதல் 2007 வரையிலான 5.9 லிட்டர் எஞ்சின், இன்ஜெக்டர் தேய்மானத்தைத் தவிர, வலுவானது. 2007 நடுவில் வந்த 6.7 லிட்டரில் டர்போவில் கரி சேர்வதும், புகை வடிகட்டிச் சிக்கல்களும் உண்டு. குளிரில் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டரின் போல்ட் தளர்ந்தும் எரிந்தும் சிலிண்டருக்குள் விழுந்து எஞ்சினையே அழித்த நிகழ்வுகளும் இருக்கின்றன. இதற்கு மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. வாங்கிய உடனே கவனிக்க வேண்டியவற்றில் இதைச் சேருங்கள். கியர்பாக்ஸில் 68ஆர்எஃப்இ, அந்த எஞ்சினின் திறனோடு ஒப்பிட்டால் பலவீனமானது. 3500இல் 2013 முதல் கூடுதல் விலைக்குக் கிடைத்த ஐசின் கியர்பாக்ஸ் கனமான இழுவைக்குப் பொருத்தமானது.

பெட்ரோல் எஞ்சின்களில், 2005 முதல் 2010 வரையிலான ஃபோர்டு 5.4 லிட்டரில், குறிப்பாக 2008 வரை வந்தவற்றில், ஸ்பார்க் பிளக்குகள் கழற்றும்போது உடைந்து உள்ளேயே தங்கிவிடும். வால்வுகளின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் கேம் ஃபேசரும் டைமிங் செயினும் தேய்ந்து சத்தமிடும். 2011இல் வந்த 6.2 லிட்டர் எளிமையானது. ஜெனரல் மோட்டார்ஸ் 6.0 லிட்டரில் புகைக்குழாயைத் தாங்கும் போல்ட்டுகள் ஒடிவதே பெரும்பாலான புகார். எரிபொருளைச் சற்று அதிகம் குடித்தாலும் நெடுநாள் உழைக்கும். ராமின் ஹெமியில் அதே போல்ட் தொல்லையோடு, வால்வைத் தூக்கும் லிஃப்டர் பழுதாகி, அதை இயக்கும் கேம்ஷாஃப்ட்டைக் கெடுப்பதும் உண்டு. வண்டியைத் தொடங்கும்போது டிக் டிக் என்ற சத்தம் கேட்டால் மெக்கானிக் பார்க்கும் வரை பணம் கொடுக்காதீர்கள்.

3. புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்ட வண்டியைத் தவிருங்கள்

"டிலீட் செய்தது, இனி எந்தத் தொல்லையும் இல்லை" என்று பெருமையாகச் சொல்லி விற்பவர்களைக் கண்டிப்பாகச் சந்திப்பீர்கள். புகை வடிகட்டி, இஜிஆர் போன்றவற்றைக் கழற்றி, எஞ்சின் கணினியின் நிரலையும் மாற்றிய வண்டி என்பது இதன் பொருள். தூய காற்றுச் சட்டத்தின்படி இது சட்டவிரோதம். பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்அப்களில் இவ்வாறு செய்யப்பட்டிருப்பதாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் மதிப்பிட்டது; எனவே இது அரிதான சிக்கல் அல்ல. கலிஃபோர்னியாவில் 1998 முதலான மாடல் டீசல் வண்டிகளுக்கு, மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு வரை இருந்தால், புகைச் சோதனை கட்டாயம். அங்கு இப்படிப்பட்ட வண்டியைப் பதிவு செய்யவே முடியாது. மற்ற மாநிலங்களிலும் பல பட்டறைகள் அவற்றைத் தொட மறுக்கும். பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல ஆயிரம் டாலர் செலவாகும். உங்கள் நுரையீரலும் அக்கம்பக்கத்தார் நுரையீரலும் தரும் விலை தனி.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 2008 அல்லது அதற்குப் பிந்தைய டீசல் வண்டியின் புகைக்குழாய் முனைக்குள் விரலை விட்டுத் துடையுங்கள். வடிகட்டி வேலை செய்யும் வண்டியில் விரலில் கரி ஒட்டாது. விரல் கறுத்தால், வடிகட்டி கழற்றப்பட்டிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது.

4. ஆவணங்களை வண்டிக்கு முன் பாருங்கள்

நேரில் போவதற்கு முன்பே 17 இலக்க வின் எண்ணை (வண்டியின் தனி அடையாள எண்) கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த எண்ணைக் கொண்டு முதலில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் நிலுவையிலுள்ள திரும்ப அழைப்புகளை இலவசமாகப் பாருங்கள். வெடித்துக் காயப்படுத்தும் அபாயமுள்ள தக்காட்டா நிறுவனக் காற்றுப்பை தொடர்பான அழைப்புகள் பழைய ராம் வண்டிகளையும் ஜெனரல் மோட்டார்ஸ் கனரக வண்டிகளையும் உள்ளடக்கியவை என்பதால், இந்தப் படியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அடுத்து, வாகன வரலாற்று அறிக்கை வாங்கி, விபத்து, வெள்ளச் சேதம், காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டி என்ற முத்திரை ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். வண்டி எந்த மாநிலங்களில் ஓடியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒஹையோ, மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற, குளிர்காலச் சாலைகளில் உப்பு தூவும் மாநிலங்களில் பல ஆண்டு ஓடியிருந்தால் அடிப்பகுதித் துருவை எதிர்பார்க்க வேண்டும்.

உரிமைப் பத்திரத்தில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடன் கொடுத்த வங்கியின் பெயர் பத்திரத்தில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான விடுவிப்புக் கடிதம் வேண்டும், அல்லது வங்கிக் கிளையிலேயே பரிமாற்றத்தை முடிக்க வேண்டும். "பத்திரம் தபாலில் வருகிறது, பணத்தை இப்போது கொடுங்கள்" என்று ஒரு விற்பனையாளர் என்னிடமும் கேட்டார், அங்கிருந்து கிளம்பிவிட்டேன். ஓடோமீட்டர் அளவைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திடுவது கூட்டாட்சி விதி. 2011 முதலான மாடல்களுக்கு 20 ஆண்டு வரை இது பொருந்தும். 2010 மற்றும் அதற்கு முந்தையவற்றுக்கு விலக்கு உண்டு. பழைய வண்டியில் மைல் கணக்கைப் பத்திரத்தை மட்டும் வைத்து நம்ப முடியாததற்கு இதுவே காரணம்.

பலரும் அறியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிகளின் கண்ணாடியில் உத்தரவாதம் உண்டா இல்லையா என்று தெரிவிக்கும் வாங்குவோர் வழிகாட்டித் தாளை விற்பனை நிலையங்கள் ஒட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி, மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டுக்குக் குறைவான வண்டிகளுக்கே பொருந்தும். கனரக பிக்அப்கள் இதற்கு வெளியே நிற்கின்றன. அதே எடைக்கு மேற்பட்ட பிக்அப்களுக்கு அரசின் மைலேஜ் மதிப்பீடும் கிடையாது. எனவே உத்தரவாதம் பற்றி விற்பவர் சொல்லும் ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. நேரில் பார்க்கும் நாள்

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் எஞ்சினின் மேல் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் தொடங்குவதில் உள்ள சிக்கலை மறைக்க முன்பே ஓட்டியிருக்கலாம். வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள்.

தொடங்கியபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதன் வாயின் மேலேயே வையுங்கள். மூடி துள்ளி விழும் அளவுக்குக் காற்று வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். கூலன்ட் தொட்டியின் மூடியைச் சுற்றி வெண்மையான படிவு இருந்தால், குறிப்பாக 6.0 லிட்டரில், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது, ஆயில் வெப்பநிலைக்கும் கூலன்ட் வெப்பநிலைக்கும் இடையே 15 பாரன்ஹீட் டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஆயில் கூலர் அடைபட்டு வருகிறது என்று பொருள். இதை ஸ்கேன் கருவியில் பார்க்கலாம். அதே கருவியில் புகைச் சோதனைக்கான கண்காணிப்புகள் "தயாராக இல்லை" என்று காட்டினால், பழுதுக் குறியீடுகள் சில நாள்களுக்கு முன்புதான் அழிக்கப்பட்டிருக்கலாம்.

மைலை மட்டும் பார்க்காதீர்கள். எஞ்சின் ஓடிய மணிநேரத்தையும் பாருங்கள். பல வண்டிகளில் இது ஓட்டுநர் முன்னுள்ள திரையிலேயே கிடைக்கும். நின்ற இடத்தில் ஓடிய ஒரு மணிநேரத்தை 25 மைல் ஓட்டத்துக்குச் சமமாகக் கொள்வது வழக்கம். 1,00,000 மைல், 5,000 மணிநேரம் என்று காட்டினால் சராசரி வேகம் மணிக்கு 20 மைல்தான்; அந்த வண்டி பணியிடங்களில் நெடுநேரம் எஞ்சின் ஓட நின்றிருக்கிறது. அதன் எஞ்சின் தேய்மானம் மைல் காட்டுவதைவிட அதிகம்.

முன் அச்சு ஒரே துண்டாக உள்ள ஃபோர்டு, ராம் வண்டிகளில், மணிக்கு 50 மைல் வேகத்துக்கு மேல் சாலையில் ஒரு குழியைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் அதிரும் கோளாறு உண்டு. முன் அச்சையும் சக்கரங்களையும் பிடித்துவைக்கும் டிராக் பார் புஷ்களும் பால் ஜாயின்ட்டுகளும் தேய்வதே பெரும்பாலும் காரணம். புதிதாக மாட்டப்பட்ட ஸ்டீயரிங் டேம்பரைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். அது அதிர்வை மறைக்குமே தவிர, காரணத்தை நீக்காது. கடைசியாகக் கீழே படுத்து, சட்டகத்தையும் பிரேக் குழாய்களையும் விளக்கடித்துப் பாருங்கள். சட்டகத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது செதில் செதிலாகக் கழன்றால் விலையைப் பேசவே வேண்டாம்.

6. டீசல் மெக்கானிக்கிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்

சாதாரணக் கார் மெக்கானிக் இதற்குப் போதாது. நீங்கள் பார்க்கும் எஞ்சினை அன்றாடம் கையாளும் தனிப்பட்டறையைத் தேடுங்கள். 200 முதல் 500 டாலர் வரை ஆகும். ஒரு வாரம் முன்பே நேரம் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும். சிபி4 பம்ப் உள்ள வண்டியாக இருந்தால், பம்பின் அளவுக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி உலோகத் துகள்கள் உள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆயிலில் சிறிதளவு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், டீசலோ கூலன்டோ கலந்திருப்பது தெரிந்துவிடும். முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். விற்பவர் அதற்குக் காத்திருக்கச் சம்மதித்தால் அதுவே ஒரு நல்ல அறிகுறி.

7. ஆண்டுச் செலவை முன்பே கணக்கிடுங்கள்

எரிபொருளே பெரிய செலவு. ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டி, காலனுக்குச் சராசரியாக 15 மைல் கிடைத்தால் 800 காலன் வேண்டும். காலன் 4 டாலர் என்றால் 3,200 டாலர். கனமான டிரெய்லரை இழுக்கும்போது மைலேஜ் பத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆயில் மாற்றும்போது காருக்கு ஆகும் அளவை நினைக்காதீர்கள். ஃபோர்டு 6.7 லிட்டருக்கு 13 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறத்தாழ ஒரு லிட்டர்), கம்மின்ஸ் 6.7 லிட்டருக்கு 12 குவார்ட், எல்5பி டியூராமேக்ஸுக்கு 10 குவார்ட் தேவை. பட்டறையில் 150 முதல் 250 டாலர் வரை ஆகும். டீசல் வடிகட்டிகளைக் குறித்த காலத்தில் மாற்றுவதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. பம்பையும் இன்ஜெக்டர்களையும் காப்பது அவைதான். பெரும்பாலான டீசல் வண்டிகளுக்குப் பேட்டரி இரண்டு. இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். கனரக இ தர டயர் ஒன்று 200 முதல் 350 டாலர் வரை. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு ஆறு டயர் வேண்டும்.

இவை தவிர, பெரிய பழுதுக்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்குங்கள். டீசலுக்குக் குறைந்தது 5,000 டாலர், பெட்ரோலுக்கு 2,500 டாலர் வாங்கும் நாளிலேயே கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கியர்பாக்ஸ் முழுச் சீரமைப்பு 4,000 முதல் 8,000 டாலர், டர்போ 2,500 முதல் 4,500 டாலர், ஒரு தொகுதி இன்ஜெக்டர்கள் 3,000 முதல் 6,000 டாலர் என்பவை பொதுவாகக் கேட்கப்படும் விலைகள். வண்டி விலைக்கே கையிருப்பு முழுவதும் போய்விடும் என்றால், ஒரு படி மலிவான வண்டியைப் பாருங்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால் முதலில் கடனளிப்பவரிடம் பேசுங்கள்; பத்து ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கும் அதிக மைல் ஓடியவற்றுக்கும் பலர் கடன் தருவதில்லை, தந்தாலும் வட்டி அதிகம். காப்பீட்டில், தொழிலுக்குப் பயன்படுத்துவதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். மாநில எல்லை தாண்டித் தொழில்முறையில் இழுப்பவர்கள், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கூட்டாட்சிப் போக்குவரத்து விதிகளுக்கு உட்படுவார்கள். சொந்தச் சுற்றுலாவுக்கு இது பொருந்தாது.

8. வாங்கிய பிறகு முதல் மாதம்

பெயர் மாற்றத்துக்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 10 நாள், டெக்சஸில் 30 நாள். டெக்சஸில் பெயர் மாற்ற விண்ணப்பமான 130-யு படிவத்தோடு 6.25 சதவீத வரி கட்ட வேண்டும். தனிநபரிடம் வாங்கினால், கொடுத்த விலை அல்லது அரசு கணிக்கும் மதிப்பில் 80 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதன் மீது வரி கணக்கிடப்படும். எனவே விலையைக் குறைத்து எழுதுவதால் பயனில்லை. கலிஃபோர்னியாவில் பிக்அப்கள் வணிக வாகனமாகவே பதிவாகி, எடைக்கேற்ற கட்டணமும் சேரும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் எஞ்சின் ஆயில், டீசல் வடிகட்டிகள், கியர்பாக்ஸ் திரவம், முன்பின் டிஃபரன்ஷியல் எண்ணெய், கூலன்ட் ஆகிய அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பொருளும் கூலியும் சேர்ந்து 800 முதல் 1,500 டாலர் வரை ஆகலாம். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்ற ஊகம் இனி தேவைப்படாது. கூலன்டை மாற்றும்போது அந்த எஞ்சினுக்கு நிறுவனம் குறிப்பிட்ட வகையையே ஊற்றுங்கள். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் உள்ளே கசடு சேரும். முதல் நெடும்பயணத்துக்கு முன், டிரெய்லரோடும் குடும்பத்தோடும் சாமானோடும் அருகிலுள்ள லாரி எடை நிலையத்துக்குச் சென்று, ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியாக எடுத்து, கதவுச் சட்டத்தில் இருக்கும் வரம்போடு ஒப்பிடுங்கள். அந்தச் சீட்டை வண்டியின் மற்ற ரசீதுகளோடு ஒரே கோப்பில் வைத்திருங்கள். நாளை நீங்கள் விற்கும்போது, வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.